கௌ கெய் செடி: சந்தைக் கட்டிலிருந்து தொட்டிக்கும் சட்டிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு இந்தச் செடி புதிதல்ல. ஈரச்சந்தையில் சீனக் கீரைக்கடையில், முள்ளும் இலையுமாக நீளக் குச்சிகளைக் கட்டி வைத்திருப்பார்களே, அதுதான். கேன்டனீஸ் பேசுகிறவர்கள் கௌ கெய் என்பார்கள். சீன மருந்துக்கடையில் கிண்ணத்தில் குவிந்திருக்கும் சிவப்பு கோஜி பழமும் இதே இனத்துச் செடியில் காய்ப்பதுதான்.

வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். பழத்தை நினைத்துக்கொண்டு நடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பழம் வரவில்லை என்று பிடுங்கிப் போடுகிறார்கள். அதுவரை ஒரு நாள்கூட இலையைச் சமைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் முதல் படி மண்ணும் தொட்டியும் அல்ல. எதற்காக வளர்க்கிறோம் என்ற முடிவு.

1. இலையா, பழமா, வேரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சீன மருத்துவத்தில் இந்தச் செடியின் மூன்று பகுதிகளும் மூன்று வேறு பொருட்கள். பழம் இனிப்பானது, சூடும் குளிர்ச்சியும் இல்லாத நடுத்தரம். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊட்டம், கண்ணுக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. இலை குளிர்ச்சி, உடல் சூட்டுக்குச் சூப்பாக வைத்துக் குடிப்பார்கள். வேர்ப்பட்டைக்கு டிகுபி என்று பெயர். அது இன்னும் குளிர்ச்சி. மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை போன்றவற்றுக்கு மற்ற மூலிகைகளோடு சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள்.

இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. பழம் நல்லது என்று கேள்விப்பட்டு வேரைக் கொதிக்க வைப்பது தவறு.

நல்ல பழத்துக்குப் பெயர்போன இடம் சீனாவின் நிங்சியா, அதிலும் சோங்னிங் வட்டாரம். அங்கே ஆண்டு மழை 200 மி.மீ. அளவுதான். பாசனம் மஞ்சள் ஆற்றுத் தண்ணீர். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து செடி தூங்கும், கோடையில் நீண்ட பகல் வெயிலில் காய்க்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல் மழை, குளிர்காலமே கிடையாது. இங்கே ஊதாப் பூ ஒன்றிரண்டு பூக்கலாம், எப்போதாவது ஒரு பழம்கூடத் தென்படலாம். அதை நம்பி நடாதீர்கள்.

ஆகவே இலையை வளர்ப்போம், பழத்தை வாங்குவோம், வேர்ப்பட்டையைச் சீன மருத்துவரிடம் விட்டுவிடுவோம். இனி வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகின்றன.

2. சந்தைக்குப் போவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

குச்சி வீட்டுக்கு வந்த அன்றே நட்டுவிட வேண்டும். காய்ந்த குச்சியில் வேர் பிடிப்பது கடினம். அதனால் எல்லாவற்றையும் முந்தைய நாளே எடுத்து வையுங்கள்.

அடியில் ஓட்டை உள்ள தொட்டி வேண்டும். 25 முதல் 30 செ.மீ. அகலமும் அதே அளவு ஆழமும் போதும். மண் கலவையில் மூன்றில் ஒரு பங்காவது கரடுமுரடாக இருக்கட்டும்: பெர்லைட் (செடிக்கடையில் விற்கும் லேசான வெள்ளைத் துகள்), பெருமணல், உடைத்த செங்கல் எதுவும் சரி. இந்தச் செடி உப்பையும் காரத்தன்மையையும் பொறுத்துக்கொள்ளும், வேரில் தண்ணீர் நிற்பதைப் பொறுக்காது. பூச்செடிக்கென்று விற்கும் புளிப்பு மண் இதற்குத் தேவையில்லை.

தக்காளியோ கத்தரியோ வாடிச் செத்த தொட்டி மண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். கௌ கெய்யும் கத்தரிக் குடும்பம்தான். அங்கே இருந்த சீக்கு இங்கேயும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அப்புறம் கூர்மையான கத்தரிக்கோல், தடித்த கையுறை. கையுறை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் முதல் கட்டைப் பிரித்ததும் மனம் மாறிவிடுவார்கள்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தால் இடத்தையும் முன்கூட்டியே பாருங்கள். தாழ்வாரத்தில் தொட்டி வைத்தால் நடைவழி 1.2 மீட்டர் விட்டிருக்க வேண்டும். இந்தக் குச்சிகள் பக்கவாட்டில் சாய்ந்து வளரும், முள் வேறு உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடும் பக்கம் வைக்காமல் சுவரோரமாக வைத்து ஊன்றுகோலோடு கட்டிவிடுங்கள்.

3. கட்டைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானோர் இலையைப் பார்த்து வாங்குகிறார்கள். நடுவதற்கு வாங்கும்போது குச்சியைப் பாருங்கள்.

தடிமன் பென்சில் அளவுக்கு நெருங்கி இருக்க வேண்டும். மெல்லிய பச்சைக் குச்சி மண்ணில் அழுகிவிடும். மிகவும் தடித்து, பட்டை வெடித்துச் சாம்பல் நிறமான குச்சி தளிர்க்க நாள் எடுக்கும். வெளியே இளம்பழுப்பு, நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே ஈரப் பச்சை. அதுதான் சரியான பதம்.

வெட்டிய முனையை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் கட்டு தண்ணீரில் நெடுநேரம் கிடந்திருக்கிறது, வேண்டாம். இலையில் ஊதா அல்லது பச்சை நிறத்தில் சின்னச் சின்னப் புடைப்பு இருந்தாலும் வேண்டாம். அதற்குள் பேன் சிலந்தி என்ற மிக நுண்ணிய பூச்சி குடியிருக்கும். அந்தக் குச்சியை நட்டால் அதையும் சேர்த்து வளர்க்கிறீர்கள்.

காலையில் சீக்கிரம் போங்கள். மதியத்துக்கு மேல் மிஞ்சும் கட்டுகள் சமையலுக்கு ஆகும், நடுவதற்கு ஆகாது.

4. இலை பறிப்பதும் குச்சி நறுக்குவதும்

இலையை முதலில் எடுக்க வேண்டும். இலையோடு நட்டால் வேர் இல்லாத குச்சியிலிருந்து இலை வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் குச்சி சுருங்கிவிடும்.

முருங்கைக்கீரை உருவுவது போல விரலை வைத்து இழுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் முள் இருக்கலாம், சில கட்டுகளில் ஒரு செ.மீ.க்கு மேல் நீளமாகவே இருக்கும். குச்சியை ஒரு கையில் பிடித்து, இலையைக் கொத்துக் கொத்தாகக் கிள்ளி எடுங்கள். நேரம் பிடிக்கும்தான். சூப்பில் முள் விழுந்து ஒரு குழந்தையின் தொண்டையில் மாட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு நேரமே இல்லை.

பிறகு குச்சியை மூன்றாகப் பிரியுங்கள். மேலே உள்ள இளம் நுனி சூப்புக்கு. நடுவும் அடியும் நடுவதற்கு. சொத்தையும் முறிவும் குப்பைக்கு.

நடும் துண்டு 15 செ.மீ. நீளம், குறைந்தது நான்கு கணு. கீழ்முனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேல்முனையைக் கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே நேராகவும் வெட்டுங்கள். வேர் முதலில் கணுவின் அருகேதான் கிளம்பும், அதனால் அந்த இடம். சாய்வும் நேரும் எதற்கென்றால், இலை போன பிறகு எது தலை எது கால் என்று தெரியாது. தலைகீழாக நட்ட குச்சிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வெட்டும்போதே அடையாளம் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

5. நடுவது

மண்ணை முதலில் நனைத்து, அதிகத் தண்ணீர் வடியும்வரை விடுங்கள். நட்ட பிறகு குடம் குடமாக ஊற்றினால் குச்சி ஆடும், மண்ணுக்கும் குச்சிக்கும் இடையே காற்று புகும்.

பென்சிலால் துளை போட்டு, அதில் குச்சியை இறக்குங்கள். நேராகக் குத்தி இறக்கினால் பட்டை உரியும். குறைந்தது இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. சுற்றி விரலால் அழுத்துங்கள். ஒரு தொட்டிக்கு ஐந்தாறு குச்சி நடலாம். எல்லாமே பிடிக்காது, பிடித்ததில் நல்ல மூன்றை வைத்துக்கொண்டால் தொட்டி நிறையும்.

தண்ணீர்க் குவளையில் வைத்து வேர் விடச் செய்யலாமா என்று கேட்பார்கள். வேர் விடும். ஆனால் அந்த வேர் பொசுக்கென்று முறியும். மண்ணுக்கு மாற்றும்போது பாதி போய்விடும். நேரடியாக மண்ணில் நடுவதே மேல்.

6. முதல் மூன்று வாரம்: கை வைக்காதீர்கள்

ஒரு வாரத்திலேயே பச்சைத் தளிர் எட்டிப் பார்க்கும். இங்கேதான் அதிகச் செடிகள் சாகின்றன. தளிர் வந்துவிட்டது, செடி பிடித்துவிட்டது என்று நினைத்து வெயிலுக்கு எடுத்துப் போய் உரமும் போடுகிறார்கள். இரண்டு நாளில் தளிர் கருகித் தொங்கும்.

அந்தத் தளிர் வந்தது குச்சியில் சேமித்திருந்த சத்தில். வேர் அப்போது இன்னும் கிளம்பியிருக்காது. வேருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நேர் வெயில் படாத வெளிச்சமான இடம், மண் ஈரம் காயாத அளவு தண்ணீர், அவ்வளவுதான்.

பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். மூன்று வாரம் கழித்துக் குச்சியை இரு விரலால் லேசாக இழுங்கள். மண் எதிர்த்துப் பிடித்தால் வேர் இருக்கிறது. வழுக்கி வந்தால், மறுபடி அழுத்திவிட்டு இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

7. வெயில், தண்ணீர், உரம்

வேர் பிடித்த பிறகு வெயிலை ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் போதும். தென்சீனாவின் குவாங்டோங்கில் இது குளிர்காலக் கீரை. இலையுதிர் காலத்தில் நட்டு இளவேனில் வரை வெட்டுவார்கள். கடும் வெப்பத்தில் இலையை உதிர்த்துவிட்டு நின்றுவிடும். நம் ஊர்ப் பிற்பகல் வெயிலை அது விரும்புவதில்லை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். மேற்குப் பார்த்த தாழ்வாரம் என்றால் பிற்பகலுக்கு நிழல்வலை கட்டுங்கள்.

தண்ணீர்: விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. வேர் அழுகும். அதோடு ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். டெங்கி பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாம் எடுப்பது இலை. அதனால் தழைச்சத்துள்ள உரமாகக் கொடுங்கள்: மட்கிய எரு, மண்புழு உரம், ஊறவைத்த பிண்ணாக்குத் தண்ணீர். ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் ஒரு கைப்பிடி போதும்.

8. எப்போது, எப்படி வெட்டுவது

தளிர்கள் 30 செ.மீ. தாண்டும்வரை பொறுமையாக இருங்கள். இலையைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நுனி இருக்கும்வரை செடி நீண்டுகொண்டே போகும். அடியில் வெறும் குச்சி, மேலே நான்கு இலை என்று ஆகிவிடும்.

அடியிலிருந்து 10 செ.மீ. விட்டு, தளிரையே வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று புதுத் தளிர் வரும். ஆனால் எல்லாத் தளிரையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். மூன்றில் ஒன்றையாவது இலையோடு விடுங்கள், அதுதான் வேருக்குச் சாப்பாடு போடும். மூன்று நான்கு வாரத்தில் அடுத்த அறுவடை.

பூ வந்தால் அந்தக் கிளையையும் வெட்டிவிடலாம், இலை மென்மையாக இருக்கும். காய்க்கட்டும் என்று விட்டாலும் சரி, ஆனால் பச்சைக் காயைச் சாப்பிட வேண்டாம்.

9. பூச்சி

வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி மூன்றும் வரும். தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினாலே பாதி போகும். மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், மாலையில் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும். தெளித்த பிறகு ஒரு வாரமாவது சமையலுக்கு எடுக்காதீர்கள். எடுக்கும்போது நன்றாகக் கழுவுங்கள்.

மேலே சொன்ன புடைப்பு வந்தால் மருந்து அடித்துப் பயனில்லை. பூச்சி புடைப்புக்குள் இருக்கிறது, மருந்து வெளியே நிற்கிறது. அந்தக் கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். கத்தரி, மிளகாய்த் தொட்டிகளை ஒட்டி வைத்திருந்தால் தள்ளி வையுங்கள்.

10. சூப் வைக்கும் வரிசை

சீன வீடுகளில் பன்றி ஈரல் சேர்த்து வைப்பார்கள். நம் வீடுகளில் நெத்திலியும் முட்டையும் நன்றாகப் பொருந்தும். நான்கு பேருக்கு ஒரு கட்டு இலை, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர்.

முதலில் குச்சி நுனிகளைக் கழுவி நூலால் கட்டித் தண்ணீரில் போட்டு 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். இலை கொடுக்காத மணம் குச்சியில் இருக்கிறது. நூல் எதற்கென்றால், முள்ளோடு மொத்தமாக வெளியே எடுக்க.

கட்டை எடுத்த பிறகு ஒரு கைப்பிடி நெத்திலி, நசுக்கிய பூண்டு நாலைந்து பல், இரண்டு வில்லை இஞ்சி. பத்து நிமிடம். உப்பு இப்போது வேண்டாம். நெத்திலியில் எவ்வளவு இருக்கிறது என்று கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கலாம்.

அடுத்து ஒரு மேசைக்கரண்டி கோஜி பழம், ஐந்து நிமிடம். அதற்குப் பிறகுதான் இலை. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மூடியும் போட வேண்டாம். மூடினால் இலையிலிருந்து வரும் புளிப்பு ஆவி திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுந்து பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு முட்டையை அடித்து ஊற்றுங்கள்.

லேசான கசப்பு இருக்கும். முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நெத்திலியைக் கொஞ்சம் கூட்டுங்கள், சர்க்கரை போடாதீர்கள்.

11. உலர்ந்த பழம் வாங்குவது

பளிச்சென்ற சிவப்பைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். இயற்கையாக உலர்ந்த பழம் கொஞ்சம் மங்கலாக, ஒன்றுக்கொன்று நிறம் மாறித்தான் இருக்கும். ஒரு பழத்தை எடுத்துக் காம்பு இருந்த முனையைப் பாருங்கள். அங்கே வெளிறிய புள்ளி தெரிய வேண்டும். சாயம் ஏற்றிய பழத்தில் அந்தப் புள்ளியும் சிவந்திருக்கும்.

மூடியைத் திறந்து முகருங்கள். மூக்கில் ஏறும் நெடி இருந்தால் கந்தகப் புகை காட்டியிருக்கிறார்கள். வீட்டில் நாலு பழத்தைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் மெதுவாக வெளிர்மஞ்சளாக மாற வேண்டும். போட்ட உடனே சிவந்தால் திரும்ப அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

பெரிய பழம் விலை கூட. சீனாவில் தரம் பிரிப்பது 50 கிராமில் எத்தனை பழம் என்ற எண்ணிக்கையை வைத்து. 280க்குள் அடங்கினால் முதல் தரம், அடுத்தது 370க்குள். சூப்புக்கு நடுத்தரம் தாராளமாகப் போதும். பருமனைத் தவிர வேறு வித்தியாசம் சூப்பில் தெரியாது.

நம் ஊர் ஈரத்தில் பழம் சீக்கிரம் கறுத்து ஒட்டிக்கொள்ளும். 100, 200 கிராமாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள்.

12. பழத்தைப் பயன்படுத்துவது

தேவையான அளவை மட்டும், வேண்டும்போது, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் இனிப்பும் அதோடு போகும். நெடுநேரம் கொதித்தால் பழம் புளிக்கும். ஆகவே எதில் போட்டாலும் கடைசியில்.

சீன மருந்தியல் நூல் சொல்லும் அளவு நாளைக்கு 6 முதல் 12 கிராம். ஒரு மேசைக்கரண்டி இதற்குள் அடங்கும். கைநிறைய அள்ளி மென்றால் பலன் கூடாது.

செவ்வந்திப் பூவோடு தேநீராகப் போடுகிறவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பழத்தை எறிகிறார்கள். கண்ணுக்கு நல்லது என்று பேசப்படும் சியசாந்தின் என்ற நிறமி கொழுப்பில் கரைவது. தண்ணீரில் அதிகம் இறங்காது. பழத்தையும் மென்று சாப்பிடுங்கள். முட்டை சேர்த்த சூப்பில் அது இன்னும் நன்றாக உடலில் சேரும்.

13. யார் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்

இதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோஜி பழத்தைத் தொட வேண்டாம், டீயாகவும் வேண்டாம். மாத்திரையின் வேகத்தைக் கூட்டி ரத்தக் கசிவுக்கு வழி செய்யலாம் என்று 2001 முதலே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா அன்பாகக் கொடுத்த சூப்பிலும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தக்காளி, கத்தரி ஒவ்வாதவர்கள் முதலில் மிகக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் சீன மருத்துவர்களே பழத்தை நிறுத்தச் சொல்வார்கள். டிகுபி வேண்டுமென்றால் பதிவு பெற்ற சீன மருத்துவர் நாடி பார்த்து எழுதித் தரட்டும். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துப் போங்கள்.